முதல் மீன்தொட்டியும் குள்ளச் சிக்லிட் மீன்களும்



வீட்டின் முன்னறையிலே கண்ணாடித் தொட்டி ஒன்றை வைத்து, அதிலே சிறு மீன்களை நீந்தவிட்டுப் பார்த்திருக்க வேண்டும் என்ற ஆசை நம்மிற் பலருக்கு உண்டு. அந்த ஆசையை நிறைவேற்றிக்கொண்டோரும் பலர். ஆனால், தொட்டி வாங்கிய ஆறாம் மாதத்தில் அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், அத்தொட்டி பெரும்பாலும் கொல்லைப்புறத்தில் வெறுமனே கிடக்கும். கேட்டால், "மீன் எங்கள் கைக்கு ராசியில்லை" என்பார்கள். மீன் ஒருவர் கைக்கு வாழும், இன்னொருவர் கைக்கு வாழாது என்பது உண்மையன்று. மீன் வாழ்வதற்கும் மடிவதற்கும் தெளிவான காரணங்கள் உண்டு. அவற்றை அறிந்துகொண்டு தொடங்கினால், எவர் கையிலும் மீன் வாழும். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அதுவே. முதன்முதலாகத் தொட்டி வைக்க விரும்பும் ஒருவர், குள்ளச் சிக்லிட் எனப்படும் அழகிய சிறு மீன்களை வளர்ப்பது எப்படி என்பதைச் சொல்லப் போகிறேன்.

சிக்லிட் என்ற பெயர் சிலருக்குப் புதிதாக இருக்கலாம். மீன் புதிதன்று. நமது நாட்டின் குளங்களிற் பெருகியிருக்கும் திலாப்பியா ஒரு சிக்லிட் மீன். அது 1952ஆம் ஆண்டில் ஆபிரிக்க இனமாக இங்கு கொண்டுவரப்பட்டது. களப்புகளில் வாழ்வதும், சிங்கள மக்கள் கொரலியா என்று அழைப்பதும், உண்போர் விரும்பித் தேடுவதுமான அகன்ற உடலுடைய மீனும் சிக்லிட்டே. அது நமக்கும் தென்னிந்தியாவுக்கும் உரிய சுதேச மீன். இக்குடும்பத்தைச் சேர்ந்த மீன்களுக்கு ஒரு சிறப்பு உண்டு. முட்டையிட்டுவிட்டு நீந்திப் போய்விடும் ஏனைய பல மீன்களைப் போலன்றி, இவை தம் முட்டையையும் குஞ்சையும் காத்து வளர்ப்பன. கொரலியாவின் தாயும் தந்தையும் முட்டைகளின் மேல் செட்டைகளை அசைத்து நல்ல நீரைச் செலுத்திக் காவல் நிற்கும். திலாப்பியாத் தாய் முட்டைகளைத் தன் வாய்க்குள்ளேயே வைத்து அடைகாக்கும்.

இக்குடும்பத்திற் பெரிய மீன்களும் உண்டு, மிகச் சிறியனவும் உண்டு. ஏறக்குறைய பத்துச் சென்ரிமீற்றருக்கு மேல் வளராதவற்றையே குள்ளச் சிக்லிட் என்கிறோம். இவற்றுட் பெயர்பெற்றது அப்பிஸ்தோகிராமா என்னும் இனக்கூட்டம். இங்கிலாந்து நாட்டு மீனியல் அறிஞர் சார்ள்ஸ் ரேற் றீகன் 1913ஆம் ஆண்டில் இதற்கு அப்பெயரை இட்டார். இன்று இதில் தொண்ணூறுக்கு மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. இவற்றின் தாயகம் தென்னமெரிக்கா. அமேசன், ஒரினோக்கோ, பரகுவே ஆகிய பேராறுகளுக்கு நீர் கொண்டுவரும் காட்டோடைகளின் ஓரங்களில், உதிர்ந்த இலைகள் அடர்ந்து கிடக்கும் ஆழங்குறைந்த நீரில் இவை வாழ்கின்றன. பெரிய மீன்களின் வாய்க்குத் தப்பி இலைக்குவியலுள் ஒளிந்து வாழ்வதற்கேற்ற சிற்றுடலே இவற்றுக்கு வாய்த்திருக்கிறது. ஆண் ஆறு முதல் எட்டுச் சென்ரிமீற்றர் வரை வளரும். பெண் நான்கு அல்லது ஐந்தோடு நின்றுவிடும்.

இனி, நான் செய்த பிழை ஒன்றை முதலிலே சொல்லிவிடுகிறேன். அது கேட்போருக்குப் பயன்படும்.

என் முதல் தொட்டியை நான் வாங்கிய நாளிலேயே மீன்களையும் வாங்கினேன். காலையிற் தொட்டி வந்தது. நண்பகலில் மணலும் நீரும் நிரம்பின. மாலையில் நீல மேனியும் செங்கண்ணும் உடைய ஒரு சோடி மீன்கள் அதனுள்ளே நீந்தின. ராமிரேசி என்பது அவற்றின் பெயர். ஒரு வாரம் வீட்டார் அனைவரும் அத்தொட்டியின் முன்னேயே இருந்தோம். சிறுவர்கள் நாளுக்கு நான்கு தடவை தீனி போட்டார்கள். எட்டாம் நாள் காலையில் பெண் மீன் நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றது. அன்றிரவே அது இறந்தது. மறுநாள் ஆணும் இறந்தது. எனக்கு வியப்பாயிருந்தது என்னவென்றால், அப்போதும் தொட்டி நீர் பளிங்கு போலத் தெளிவாயிருந்ததுதான். அழுக்கு நீரில் மீன் சாகும் என்பது எனக்குத் தெரியும். தெளிந்த நீரிலும் மீன் சாகும் என்பது தெரியாது. இறந்த மீனைக் கையில் வைத்துக்கொண்டு, "நாங்கள் தீனி போட்டோமே, பின் ஏன் செத்தது?" என்று கேட்ட சிறுவனுக்குச் சொல்ல என்னிடம் விடை இருக்கவில்லை. அந்த விடையைத் தேடியபோதுதான் மீன்தொட்டி என்பது என்ன என்பதை நான் கற்றுக்கொண்டேன்.

விடை இதுதான். மீன் தன் உடற் கழிவின் பெரும்பகுதியை அமோனியாவாகச் செவுள்களின் வழியே நீரில் விடுகிறது. தின்னாது எஞ்சிய தீனியும் அழுகி அமோனியாவாகிறது. இது கண்ணுக்குத் தெரியாத நஞ்சு. மீனின் செவுள்களை வாட்டுவது. ஆற்றிலே ஓடும் நீர் இதனை அடித்துச் சென்றுவிடும். தொட்டியிலோ அது நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும். ஆனால் இயற்கை இதற்கொரு மருந்தும் வைத்திருக்கிறது. மணலிலும் கல்லிலும் வடிகட்டியின் பஞ்சிலும் ஒட்டி வாழும் ஒருவகைப் பற்றீரியாக்கள் அமோனியாவை நைத்திரைற்று ஆக்குகின்றன. அதுவும் நஞ்சே. மீனின் குருதி ஒட்சிசனைச் சுமக்கவொட்டாமல் அது தடுக்கும். பின்னர் வேறொருவகைப் பற்றீரியாக்கள் அந்த நைத்திரைற்றை நைத்திரேற்று ஆக்குகின்றன. இது ஓரளவு வரை மீனுக்குத் தீங்கு செய்வதில்லை. செடிகள் இதனை உண்ணும். எஞ்சியதை நாம் நீர் மாற்றி அகற்றலாம்.

மண்ணிலும் நீரிலும் இத்தொழிலைச் செய்யும் நுண்ணுயிர்களை இரசிய நாட்டு அறிஞர் செர்கே வினொகிராட்ஸ்கி 1890ஆம் ஆண்டை அண்டிப் பிரித்தெடுத்து விளக்கினார். இரு படிகளையும் தனித்தே செய்து முடிக்கும் பற்றீரியாவும் உண்டு என்பது 2015ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வுகளால் தெரியவந்தது. ஆக, மீன்தொட்டி என்பது மீன் வாழும் இடம் மட்டுமன்று. கண்ணுக்குத் தெரியாத இச்சிற்றுயிர்கள் வாழும் இடமுமாகும். அவை குடியேறிப் பெருகுவதற்கு முன்னே மீனை விடுவது, அடுப்பு மூட்டாத வீட்டுக்கு விருந்தினரை அழைப்பது போன்றது. அக்குடியேற்றத்துக்கு வேண்டிய காலம் நான்கு முதல் ஆறு வாரம். என் மீன்களுக்கு நான் கொடுத்த காலமோ அரை நாள்!

"பதறாத காரியம் சிதறாது" என்பது நம் முன்னோர் மொழி. மீன்தொட்டிக்கு அதைவிடப் பொருத்தமான மொழி வேறில்லை. ஆகவே, தொட்டியை அமைக்கும் முறையை வரிசைப்படி சொல்கிறேன்.

முதலாவது, தொட்டி. சிறிய தொட்டியே தொடக்கத்துக்கு ஏற்றது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மை இதற்கு மாறானது. நீர் குறைவாயிருந்தால் அதில் நஞ்சும் விரைவிற் செறியும், வெப்பமும் விரைவில் மாறும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டி குள்ளச் சிக்லிட் ஒரு சோடிக்குப் போதுமானது. அது ஐம்பது இலீற்றருக்குச் சிறிது மேற்பட்ட நீர் கொள்ளும். இம்மீன்கள் தரையை அண்டி வாழ்வனவாகையால், இவற்றுக்கு உயரத்தைவிடத் தரைப்பரப்பே முக்கியம். நீர், மணல், கண்ணாடி எல்லாம் சேர்ந்தால் எழுபது கிலோகிராம் அளவு பாரமாகும். எனவே, ஆட்டமில்லாத, மட்டமான, உறுதியான மேசையின் மேல் வைத்தல் வேண்டும். வெயில் நேரே விழும் சாளரத்தருகே வைத்தலாகாது. நீர் சூடேறும், பாசியும் படரும். தொட்டிக்கு மூடி வேண்டும். மீன் துள்ளும் இயல்புடையது.

இரண்டாவது, மணல். அப்பிஸ்தோகிராமா மீன்கள் மணலை வாயில் அள்ளி, அதிலுள்ள உணவைப் பிரித்துக்கொண்டு, மீதியைச் செவுள் வழியே சொரியும். பருக்கைக் கல்லில் அவற்றால் இதைச் செய்ய முடியாது. நுண்ணிய ஆற்றுமணலைப் பலமுறை அலசி, நீர் கலங்காது வடியும் நிலைக்குக் கொண்டுவந்த பின், நான்கு அல்லது ஐந்து சென்ரிமீற்றர் கனத்துக்குப் பரப்புங்கள். கடற்கரை மணலும், சிப்பியும், முருகைக் கல்லும் வேண்டாம். அவை நீரிற் சுண்ணாம்பைச் சேர்ப்பன. ஒரு கல்லிலோ மணலிலோ சுண்ணாம்பு உண்டோ என்று அறிய வேண்டுமாயின், அதன்மேல் சிறிது வினாகிரியை விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அது உங்கள் தொட்டிக்கு ஆகாது.

மூன்றாவது, மறைவிடங்கள். குள்ளச் சிக்லிட்டுக்கு வீடு இல்லாமல் வாழ்வு இல்லை. அதற்காக விலைகொடுத்துப் பொம்மைக் கோட்டைகளை வாங்க வேண்டியதில்லை. நம் அடுப்படியிற் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டையே இதற்குச் சிறந்த வீடு. தும்பையும் சொட்டையும் நன்கு சுரண்டி நீக்கி, சிரட்டையை அவித்து, விளிம்பிலே இரண்டு விரல் நுழையும் அளவு வாயில் வெட்டி, மணலின் மேல் கவிழ்த்து வையுங்கள். ஒரு சோடிக்கு இரண்டு மூன்று சிரட்டைகளை, ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியாதபடி வைப்பது நன்று. உலர்ந்த நாட்டுவாதுமை இலைகள் சிலவற்றைக் கழுவி மணலின் மேல் போடலாம். கொட்டம்பா என்று சிங்களத்தில் வழங்கும் மரத்தின் இலை அது. நீர் தேநீர் நிறம் கொள்ளும். பார்ப்பவர் முகஞ்சுளிக்கலாம், மீன் மகிழும். அதன் தாயகத்து ஓடைகளின் நிறம் அதுவே.

செடிகளைப் பற்றிச் சொல்லும்போது நாம் பெருமைப்படத்தக்க செய்தி ஒன்று உண்டு. உலகெங்கும் மீன்தொட்டிகளில் விரும்பி வளர்க்கப்படும் கிரிப்ரோகொரைன் வெண்ட்டி என்னும் நீர்ச்செடி இலங்கைக்கே உரியது. இது 1958ஆம் ஆண்டில் அறிவியல் முறைப்படி விவரிக்கப்பட்டது. குறைந்த ஒளியிலும் வளரும் இயல்பினது. தொடக்கக்காரருக்கு மிக ஏற்றது. நட்ட சில நாட்களில் இலைகள் கரைந்து விழுவதுண்டு. அதைக் கண்டு வேரைப் பிடுங்கி எறியாதீர்கள்; மீண்டும் தளிர்க்கும். ஆனால் இச்செடியை ஓடைகளிலிருந்து பிடுங்கி வருதல் தகாது. பண்ணைகளில் வளர்த்து விற்பதையே வாங்குங்கள்.

நான்காவது, வடிகட்டி. விலை குறைந்ததும் இம்மீன்களுக்கு மிகப் பொருத்தமானதும் காற்றுப் பம்பியால் இயங்கும் பஞ்சு வடிகட்டியே. அதன் இழுப்பு மென்மையானது, குஞ்சுகளை உறிஞ்சாது. நான் மேலே சொன்ன பற்றீரியாக்கள் பெரும்பாலும் அந்தப் பஞ்சிலேயே குடியிருக்கும். எனவே, பஞ்சைக் குழாய் நீரில் கழுவக் கூடாது. அந்நீரிலுள்ள குளோரின் அவற்றைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே மெதுவாகப் பிழிந்து கழுவுங்கள். இரவில் ஓசை கேட்கிறது என்று பம்பியை நிறுத்துவோரும் உண்டு. அவ்வாறு செய்தால் பற்றீரியாக்களுக்கு ஒட்சிசன் கிடைக்காது போகும். அல்லும் பகலும் அது இயங்க வேண்டும்.

ஐந்தாவது, நீர். இங்கேதான் நாம் வாழும் ஊரைக் கருத வேண்டும். களனி ஆற்றிலிருந்து வரும் கொழும்புக் குழாய்நீர் மென்மையானது. தென்னமெரிக்க மீன்களுக்கு அது பெரிதும் ஒத்துவரும். அதிலுள்ள குளோரினைப் போக்க, வாளியில் ஒரு நாள் முழுவதும் வைத்திருந்து பயன்படுத்தலாம். அல்லது அதற்கென விற்கும் மருந்தை அளவோடு சேர்க்கலாம். வாளியை வலையால் மூடி வையுங்கள். மூடாத நீர் நுளம்புக்கு இடமளிக்கும். நுளம்பு டெங்குவைக் கொண்டுவரும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலைமை வேறு. அது சுண்ணாம்புப் பாறை நிலம். தேநீர்க் கேத்தலின் உட்புறத்தே வெண்படலம் படிவதைக் குடாநாட்டார் அனைவரும் கண்டிருப்பர். அந்த வன்னீரில் ராமிரேசி போன்ற மென்னீர் மீன்கள் செழிக்கமாட்டா. அங்குள்ளோர் மாரி மழைநீரைச் சேர்த்து, கிணற்று நீரோடு பாதிக்குப் பாதி கலந்து பயன்படுத்தலாம். கூரையின் தூசி கழுவப்பட்ட பின்னர் விழும் நீரையே பிடிக்க வேண்டும். தனி மழைநீரை மட்டும் நிரப்பலாகாது. அதில் உப்புகள் இல்லாமையால் நீர் திடீரெனப் புளித்துவிடும். பற்றீரியாக்களும் தொழிலைக் குறைத்துக்கொள்ளும். இன்னொன்று: தோட்ட நிலங்களின் கிணறுகளில் உரத்தினாலே நைத்திரேற்று மிகுந்திருப்பதுண்டு. முதலிலேயே சோதித்துப் பார்ப்பது நன்று.

வெப்பத்தைப் பொறுத்தவரை நாம் பேறுபெற்றோர். ஐரோப்பியர் மின் வெப்பமூட்டி இல்லாமல் இம்மீன்களை வளர்க்க இயலாது. இவற்றிற் பலவற்றுக்கு வேண்டுவது இருபத்துநான்கு முதல் இருபத்தெட்டுப் பாகை செல்சியஸ் வரை. நமது தாழ்நிலப் பகுதிகளில் நீர் இயல்பாகவே அந்த அளவில் நிற்கும். நுவரெலியா போன்ற மலைநாட்டு ஊர்களில் மட்டும் வெப்பமூட்டி தேவை.

இவ்வளவும் அமைந்த பின்னர், மீனில்லாத தொட்டியில் பம்பியை இயக்கி, நாள்தோறும் ஒரு சிட்டிகை மீன்தீனியைப் போட்டு வாருங்கள். அது அழுகி அமோனியாவைத் தரும். அதை உண்ணப் பற்றீரியாக்கள் பெருகும். மீன்பொருள் விற்கும் கடைகளில் நீரைச் சோதிக்கும் சிறு பெட்டி கிடைக்கும். வாரம் இருமுறை சோதித்துக் குறித்து வையுங்கள். முதலில் அமோனியா ஏறும், பின்னர் இறங்கும். அது இறங்கும்போது நைத்திரைற்று ஏறும். பின்னர் அதுவும் இறங்கும். தீனி போட்டு வரும்போதும் அமோனியாவும் நைத்திரைற்றும் இல்லை என்று சோதனை தொடர்ந்து காட்டினால், வீடு ஆயத்தம் என்பது பொருள். நன்கு வாழும் தொட்டியுடைய நண்பர் ஒருவரிடம் அழுக்கேறிய பஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கி வைத்தால், இக்காலம் குறையும். வெறுந்தொட்டியை ஆறு வாரம் பார்த்திருப்பது சிறுவர்களுக்குப் பெரிய சோதனைதான். குறிப்பேட்டை அவர்கள் கையிற் கொடுத்துவிடுங்கள். நாள்தோறும் மாறும் நிறங்களைக் குறிப்பதிலே அவர்கள் ஆர்வங்கொள்வர்.

இனி, எந்த மீனை வாங்குவது? நான் செய்தது போல ராமிரேசியில் தொடங்காதீர்கள். கொலம்பியா, வெனிசுவேலா நாடுகளின் புல்வெளி நீர்நிலைகளுக்குரிய அம்மீன் 1948ஆம் ஆண்டில் விவரிக்கப்பட்டது. மானுவல் ராமிரேஸ் என்னும் மீன் வணிகரின் நினைவாக அப்பெயர் வந்தது. அழகில் அதற்கு இணை அரிது. ஆனால் அது வெப்பமான, மிகத் தூய, நிலைபெற்ற நீரையே வேண்டும். ஓராண்டு அனுபவம் பெற்ற பின் அதனை வாங்கலாம்.

தொடக்கக்காரருக்கு நான் பரிந்துரைப்பது அப்பிஸ்தோகிராமா ககத்துவோய்டஸ் என்பதை. ஆணின் முதுகுச் செட்டையின் முன் கதிர்கள் கொண்டைக் கிளியின் கொண்டை போல நிமிர்ந்து நிற்கும், அதனாலேயே அப்பெயர். சற்று வன்மையான நீரையும் அது பொறுத்துக்கொள்ளும். குளிர்ந்த இடங்களில் வாழ்வோர்க்கு, பரகுவே ஆற்றுப் பகுதியைச் சேர்ந்த பொரெல்லி என்னும் இனம் பொருந்தும். ஆபிரிக்காவின் நைஜீரியா நாட்டுக்குரிய கிரிபென்சிஸ் மீனும் எளிதில் வாழ்வதே. ஆனால் அது குஞ்சு காக்கும் காலத்தில் தொட்டி முழுவதையும் தனதாக்கிக்கொள்ளும். ஆகையால் இரண்டடித் தொட்டியில் அதனோடு வேறு மீன் சேர்க்கலாகாது.

கடையில் மீனைத் தேரும்போது வண்ணத்தை மட்டும் பார்த்து மயங்காதீர்கள். வயிறு ஒட்டியிருத்தல், செட்டைகளை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நிற்றல், வெண்ணூல் போன்ற மலம் தொங்குதல் ஆகியன நோயின் அடையாளங்கள். சிறிது தீனி போடச் சொல்லி, அது உண்பதைக் கண்ட பின் வாங்குங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து, பையைத் தொட்டி நீரில் கால்மணி நேரம் மிதக்கவிட்டு, பின்னர் தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பையினுட் சேர்த்து, முக்கால் மணி நேரம் சென்றபின் மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். பை நீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம்.

குள்ளச் சிக்லிட் தனியே இருந்தால் அஞ்சி ஒளிந்தே கிடக்கும். மேல்நீரில் அமைதியான சிறு மீன்கள் நீந்துவதைக் கண்டால், பகை எதுவும் அருகில் இல்லை என்று உணர்ந்து வெளியே வரும். இதற்கும் நம் நாட்டு மீனொன்று மிகப் பொருத்தமாக இருக்கிறது. சிவந்த மேனியுடைய தித்தயா மீனே அது. கலாநிதி பி. ஈ. பி. தெரணியகல 1929ஆம் ஆண்டில் இதனை விவரித்தார். தென்மேற்கின் நிழல் செறிந்த சிற்றோடைகளே இதன் இருப்பிடம். பண்ணையிற் பிறந்தவற்றுள் ஆறு போதும். ஓடைகளிற் பிடித்தவற்றை வாங்காதீர்கள். கேட்பார் இல்லையேல் பிடிப்பாரும் இரார்.

தீனி விடயத்தில் அன்பு மிகுதியே பகையாகிறது. மீனின் வயிறு அதன் கண்ணளவேயானது. காலையும் மாலையும், இரண்டு நிமிடத்துள் உண்டு முடிக்கும் அளவே போடுங்கள். வாரத்தில் ஒரு நாள் பட்டினி போட்டாலும் தீங்கில்லை. குள்ளச் சிக்லிட்டுகள் உயிருணவை மிக விரும்புவன. ஆனால் அதற்கென நுளம்புக் குடம்பிகளை வீட்டில் வளர்க்க முற்படாதீர்கள். அயலாருக்கும் அது கேடு. உறையவைத்த இறால் நுணுக்கும், உப்புநீர் இறாற் குஞ்சும் போதும். வாரந்தோறும் தொட்டி நீரில் நாலிலொரு பங்கை மாற்றுங்கள். முழுவதையும் ஒருநாளும் மாற்றாதீர்கள்.

இப்படிச் சில மாதம் வளர்த்தால் ஒரு நாள் காலையில் நீங்கள் ஒரு புதுமையைக் காண்பீர்கள். அதுவரை சாம்பல் நிறமாயிருந்த சிறு பெண்மீன் எலுமிச்சம்பழம் போல மஞ்சள் நிறங்கொண்டு, கரும்புள்ளிகள் துலங்க, சிரட்டை வாயிலில் நின்று தன்னைப்போல் இருமடங்கு பெரிய ஆணையே விரட்டியடிக்கும். சிரட்டையின் உட்கூரையில் முட்டைகள் ஒட்டியிருக்கும். மூன்று நாள் அளவிற் குஞ்சு பொரிக்கும்; மேலும் நான்கைந்து நாள் சென்றபின் அவை நீந்தத் தொடங்கும். தாய் முன்னே செல்ல, மணலோடு மணலாகத் தெரியும் குஞ்சுக் கூட்டம் பின்னே செல்லும். தாய் ஓர் அசைவு காட்டினால் அவ்வளவும் தரையோடு ஒட்டிக்கொள்ளும். இக்காலத்தில் ஆண் ஒளிவதற்குச் செடியும் சிரட்டையும் இல்லையாயின் அதற்கு உயிராபத்து. மறைவிடங்களைப் பற்றி நான் வற்புறுத்தியது இதனாலேயே. இன்னொரு விந்தையும் உண்டு. முட்டையும் குஞ்சும் இருக்கும் நீரின் வெப்பம் கூடினால் ஆண்களும், குறைந்தால் பெண்களும் மிகுதியாகத் தோன்றும் என்பதை, அப்பிஸ்தோகிராமா இனங்கள் பலவற்றை ஆராய்ந்த இரு ஜெர்மன் ஆய்வாளர்கள் 1996ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

முடிப்பதற்கு முன் ஒரு வேண்டுகோள். மீன் பெருகினாலும், வளர்க்க இயலாமற் போனாலும், அவற்றைக் குளத்திலோ ஆற்றிலோ விட்டுவிடாதீர்கள். இரக்கத்தினாற் செய்யும் அச்செயல் கொடுமையாய் முடியும். அலங்கார மீனாக இங்கு வந்த கத்திமீனும், தொட்டித் தூய்மையாளன் என்று விற்கப்பட்ட உறிஞ்சுவாய்க் கெளிறும் இன்று நம் நீர்நிலைகளிற் பெருகிச் சுதேச மீன்களுக்கு இடையூறாகிவிட்டன. மிகுந்த மீனைக் கடைக்காரரிடமோ, வளர்க்கும் நண்பரிடமோ கொடுத்துவிடுங்கள்.

நேயர்களே, நாய் பசித்தாற் குரைக்கும். பசு வலித்தாற் கதறும். மீனுக்குக் குரல் இல்லை. அது துன்புறுவதை நாமேதான் அறிய வேண்டும். அறிவதற்குக் கண் மட்டும் போதாது என்பதை அந்தத் தெளிந்த நீர் எனக்குக் கற்பித்தது. இரண்டாம் முறை நான் தொட்டி வைத்தபோது ஆறு வாரமும் காத்திருந்தேன். அன்று என்னிடம் கேள்வி கேட்ட சிறுவனே சோதனைக் குறிப்பேட்டை வைத்திருந்தான். மீன் வாங்கும் நாளையும் அவனே தீர்மானித்தான். அச்சோடியின் குஞ்சுகள் சிரட்டையை விட்டு வெளிவந்த காலையில், தீனிப் புட்டியை எடுக்கப்போன தங்கையைத் தடுத்து, "கொஞ்சமாய்ப் போடு, அவைக்கு வயிறு சின்னன்" என்று அவன் சொன்னான். அவன் கேட்ட கேள்விக்கு அவனே விடை கண்டுவிட்டான் என்று அறிந்தேன்.

நீங்களும் தொடங்குங்கள், ஆனால் மெதுவாகத் தொடங்குங்கள்.